தண்ணீர் வந்தது எனக் கொள்க

கணக்கு வாத்தியார்களைப் போல நிம்மதியாகப் பொய் சொல்லக்கூடியவர்கள் வேறு யாரும் கிடையாது. வக்கீல்களுக்குக்கூட ஒரு சாட்சி வேண்டும். எங்களுக்கு அதுவும் வேண்டாம். "கயிற்றுக்கு எடை இல்லை எனக் கொள்க", "தரையில் உராய்வு இல்லை எனக் கொள்க" என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் கயிறு எடையை இழந்துவிடும், தரை வழுக்க ஆரம்பித்துவிடும். வகுப்பே மறுபேச்சில்லாமல் அதை எழுதிக்கொள்ளும். பல வருடம் இந்தத் தொழிலைச் செய்தால், வீட்டில் கேஸ் தீர்ந்துபோன பிறகும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அரிசி களையத் தோன்றும். (களைந்திருக்கிறேன்.)

நான் காரைக்காலில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவள். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் டவுனுக்குள், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில். வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு. பச்சையாக இருந்தால் அழகு, மஞ்சளாக இருந்தால் அறுவடை. என் விவசாய ஞானம் அத்தோடு முடிந்தது. இதை வைத்துக்கொண்டுதான் சில வருடங்களுக்கு முன்பு காவிரித் தண்ணீரைக் கடைசி வயல் வரைக்கும் கொண்டுவரக் கிளம்பினேன்.

இணைய வகுப்புக் காலம் முடிந்து பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பியிருந்த சமயம் அது. திரும்பியவர்களில் பாதிப்பேர் வாயையே திறக்கவில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கப் பயம். லேப்டாப் இல்லாதவர்களுக்கு, இல்லை என்று சொல்லக் கூச்சம். முன் பெஞ்சில் ஒரு பையனுக்குப் பார்வை குறைவு. கரும்பலகை அவனுக்கு வெறும் கறுப்புப் பலகைதான். அப்போது எங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். இணையத்திலேயே நிரல் எழுதிப் பார்க்கும் கருவிகளைக் கொண்டு, ஒரு பிள்ளையும் விட்டுப்போகாமல் கணிதம் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். போனில் லிங்க்கைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் சமன்பாட்டை நிரலாக எழுதினால் கீழேயே வளைகோடு வரைந்து காட்டும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், தப்பாக எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பயிற்சி முடிந்து நான் புதிதாக ஞானஸ்நானம் வாங்கியவளாகத் திரும்பி வந்தேன். எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் நற்செய்தி அறிவித்தேன்.

திட்டத்துக்குக் "கடைமடைக் கணிதம்" என்று பெயர் வைத்தேன். வாய்க்காலின் கடைசி முனையில், எல்லோருக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால் தண்ணீர் வந்து சேரும் வயல்களுக்குக் கடைமடை என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் முழுக்கவே அப்படித்தான். கடைசி பெஞ்சுக்கும் கணிதம் பாய வேண்டும் என்பது தத்துவம். எங்கள் துறைத்தலைவர் பெயரைக் கேட்டுவிட்டு, "பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மதிப்பீட்டுக் குழு வர்றப்ப இதையே காட்டிடுவோம்" என்றார். அவருக்கு எதுவுமே குழு வருகிற நாளில் காட்டுவதற்குத்தான்.

கடைசி பெஞ்சில் ரேவதி இருந்தாள். நெடுங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கணிதத்தில் அரியர் வைத்திருந்தாள். வருகைப் பதிவுக்குக்கூட வாயைத் திறக்காமல் கையைத்தான் தூக்குவாள். புதிய கருவியில் ஆளுக்கொரு கணக்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது, முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

"மேம், எங்க ஊரு வாய்க்காலப் போடலாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயிற்சியில் சொன்ன அற்புதம் என் கண்முன்னால் நடக்கிறது என்று நினைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து நிரலை எழுதினோம். மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, வாய்க்கால் எவ்வளவு நீளம், தண்ணீர் எவ்வளவு வேகம் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர். "மதகு திறப்பு" என்று ஒரு ஸ்லைடர். விரலால் தள்ளினால் வளைகோடு ஏறும், இறங்கும். எல்லாம் முடிந்த பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வழியில தண்ணி கொறையும்ல மேம்? மண்ணு குடிக்கும். மேல உள்ளவங்க அடைப்பாங்க."

"அதெல்லாம் பிற்பாடு சேத்துக்கலாம்மா. மொதல்ல சுலபமா வச்சுக்குவோம். வழியில் இழப்பு இல்லை எனக் கொள்க."

அவள் தலையாட்டிவிட்டு "இழப்பு = 0" என்று அடித்தாள். நான் சொன்னதால் அன்றைக்குக் காவிரி ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் ஓடி, வருகிற வியாழக்கிழமை கடைமடைக்கு வந்து சேர்ந்தது.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பக்கத்தின் உச்சியில் கல்லூரிச் சின்னத்தை ஒட்டினேன். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "காவிரி நீர் கடைமடை வந்து சேரும் நாள்" என்று தலைப்புக் கொடுத்தேன். லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று அனுமதி போட்டேன். (ஒருவரையும் வெளியே நிறுத்தக்கூடாது என்பது கொள்கை அல்லவா?) கடைசியாக ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன்: உங்கள் கணக்கை வீட்டில் ஒருவருக்குக் காட்டி விளக்குங்கள்.

ரேவதி அவள் அப்பாவுக்குக் காட்டினாள். கலியமூர்த்தி என்று பெயர். அது புரட்டாசி மாதம். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு என்று முறை வைத்துத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சம்பாவுக்கு நாற்றுவிட்டிருந்தார். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. ஊர்க் குட்டையில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் ஆயில் இன்ஜின். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைப்பார்கள். மறுநாள் அவர் முறை. மகள் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, "எம் மொறையையும் நீயே எடுத்துக்க. எனக்கு வியாழக்கெழம வாய்க்கால்லயே வந்துரும். பாப்பா காலேஜுல கணக்குப் போட்டுப் பாத்துருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மேற்கே மதகுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் இயக்கப் போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. கல்லூரிச் சின்னம் வேறு மேலே இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் அனுப்பிய பெண் முதல்முறையாகத் தன் படிப்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறாள். நம்பாத அப்பா எங்காவது உண்டா?

லிங்க் ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து வாய்க்காலின் மேல்பக்கத்து ஊருக்கும் போனது. மேல்மடை இளைஞர்கள் விவரமானவர்கள். இதில் யாரும் கை வைக்கலாம் என்று உடனே கண்டுபிடித்து ஸ்லைடரைக் கீழே இறக்கிவைத்தார்கள். கடைமடைக்காரர்கள் பார்த்துவிட்டு ஏற்றினார்கள். மறுபடி இறக்கினார்கள். இப்படியே ஒரு வாரம் நடந்தது. நிஜமான மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவர் உண்டு, ஒன்றும் தெரியாமல் டீ குடிக்க வந்த அந்த மனிதரை நாலு பேர் சுற்றி நின்று, "காலேஜுல எண்பதுன்னு காட்டுது, நீ என்னா முப்பதுல வச்சிருக்கே?" என்று சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா, புள்ளைங்க சோறு தண்ணியில்லாம கணக்குப் போடுதுங்க."

"ஒங்க கணக்கையா?" என்றார் அவர். திருமணமான நாளிலிருந்து அவருக்கு என்மேல் இப்படி ஒரு சந்தேகம் உண்டு.

வியாழக்கிழமை வந்தது. தண்ணீர் வரவில்லை. வெள்ளிக்கிழமை ரேவதி கல்லூரிக்கு வரவில்லை. திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அவளைத்தான் பேசச் சொல்லியிருந்தேன். கடைசி நேரத்தில் பயந்து காலை வாரிவிட்டாளே என்று அவள்மேல் எனக்குக் கோபம் வேறு.

திங்கட்கிழமை கருத்தரங்கக் கூடத்தில் வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் குழுத்தலைவர். எதற்கும் புன்சிரிப்போடு தலையாட்டுகிறவர். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். (ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.) "கடைமடைக்கும் பாயும் கணிதம்" என்று ஆரம்பித்து, பெரிய திரையில் ரேவதியின் பக்கத்தைத் திறந்தேன்.

வளைகோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஸ்லைடர் பூஜ்யத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைப்பில் யாரோ எழுத்து எழுத்தாக அடித்தார்கள்: "தண்ணி கெடையாது. போயி வேற வேலையப் பாருங்கடா."

கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். துறைத்தலைவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். குழுத்தலைவர் மட்டும் முன்னால் சாய்ந்து, "பலே! நேரடியா மக்களே பங்கெடுக்கிறாங்களா?" என்றார். நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு சத்தம் எழுப்பினேன்.

அந்தச் சத்தத்தோடு கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், கையில் முடியாகக் கட்டிய ஒரு பிடி நாற்று. அவர் முதுகுக்குப் பின்னால் ரேவதி, முகமெல்லாம் வீங்கிப்போய். வழிநெடுக வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். நாற்று காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. எனக்கே அது செத்துவிட்டது என்று தெரிந்தது.

"வணக்கங்க மேடம். நான் ரேவதியோட அப்பாங்க." சண்டைபோட வந்தவர் குரலே இல்லை. "வியாழக்கெழம வரும்னு போட்டிருந்திச்சிங்க. இன்னிக்குத் திங்கக்கெழம."

அவர் திரையைப் பார்த்தார்.

"இது எறங்கிக் கெடக்குதுங்களே. அதாங்க வரல. அந்தக் கம்பியக் கொஞ்சம் மேல தள்ளிவிடுங்க மேடம். இன்னும் அடிநாத்து ஒரு ஓரத்துல உசுரோட இருக்கு."

நான் ஏதாவது சொல்வதற்குள் குழுத்தலைவர் கையைத் தட்டினார். "தள்ளுங்க மேடம், தள்ளுங்க! அவர் சொல்றபடியே செஞ்சு காட்டுங்க!"

தள்ளினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்லைடர் மேலே போனது, வளைகோடு நிமிர்ந்து எழுந்தது, கூடமே கைதட்டியது. கலியமூர்த்தி கைதட்டவில்லை. நாற்றை மார்போடு பிடித்துக்கொண்டு, நீலக்கோடு ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்திருக்கவே கூடாது.

எங்கேயோ மேல்மடையில் ஒருவன் விரலை இழுத்தான். ஸ்லைடர் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. கோடு படுத்துவிட்டது.

"இங்கேயும் அடைச்சிட்டானுவோ" என்றார் அவர்.

குழுத்தலைவர் எழுந்தே விட்டார். நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப இயல்பா பண்ணீங்க அய்யா. நாத்தெல்லாம்கூட கொண்டாந்துட்டீங்க!"

"ஆமாங்க," என்றார் கலியமூர்த்தி. "ஊட்ல இன்னும் நெறைய கெடக்குதுங்க."

"சார், இது நடிப்பு இல்லைங்க" என்று அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"அதைத்தான் நானும் சொல்றேன் மேடம்! நடிப்பு மாதிரியே இல்ல!"

மறுபடி சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். அது என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். துறைத்தலைவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "வாய மூடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். குழுவின் அறிக்கையில் எங்கள் துறையைப் பாராட்டியிருந்தார்கள். உண்மையான விவசாயியை வகுப்பறைக்கே அழைத்துவந்தது மற்ற கல்லூரிகளுக்கு முன்மாதிரியாம். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை இன்றுவரை மடிப்புக் கலைக்கவில்லை.

அந்த வாரமே வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ரேவதி வீட்டுக்குப் போனேன். பஸ் ஜன்னலில் பார்த்தது போக, வயலை இறங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். மற்றவர்களின் நாற்றங்கால்கள் ஏதோ சுமாராகப் பச்சை காட்டின. முறையை எடுத்துக்கொண்ட பக்கத்து வயல்காரருடையது நன்றாகவே இருந்தது. கலியமூர்த்தியுடையது வெடித்துக் கிடந்தது. குட்டையில் சேறுதான் மிச்சம். அவர் வீட்டில் இல்லை. நடவு கிடையாது என்று ஆகிவிட்டதால் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜுக்கு வேலைக்குப் போய்விட்டார். யாத்ரீகர்களின் பெட்டி தூக்குகிற வேலை.

ரேவதியின் அம்மா நாற்காலி போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "டவுன்ல கொழாயத் தொறந்தா வந்துருதுல்லங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் அவர்கள்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படிப்ப நிறுத்திடலாம்னு பாக்குறேன் மேம்" என்றாள் ரேவதி. "நான் காட்டாம இருந்திருந்தா அப்பா எறச்சிருக்கும்."

"கணக்கு உன்னுது இல்ல. பூஜ்யம் போடச் சொன்னது நான்" என்றேன்.

நான் கூப்பிட்டதற்காக அவள் கல்லூரிக்குத் திரும்பி வரவில்லை. "ஒரு வருசம் வயலும் போச்சு, படிப்பும் போவணுமா?" என்று அவள் அப்பா லாட்ஜிலிருந்து போனில் சத்தம் போட்டதால் தீபாவளிக்கு அப்புறம் வந்தாள். வந்த அன்றைக்கே, நான் பூட்டிவைத்திருந்த அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டாள். "இழப்பு = 0" என்ற வரியை அழித்தாள். அந்த இடத்தில் மண் குடிப்பதற்கு ஒன்று, ஆகாயத்தாமரைக்கு ஒன்று, மேல்மடை அடைப்புக்கு ஒன்று என்று தமிழில் பெயர் வைத்து எழுதினாள். ஓடவிட்டால் கோடு ஏறவே இல்லை. அதை அவளே வகுப்பில் நின்று விளக்கினாள். பார்வை குறைந்த பையன் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அப்ப தண்ணி வராதா?" என்று கேட்டான். "இந்தக் கணக்குப்படி வராது" என்றாள். அந்த வருடம் வரவுமில்லை. என் வகுப்பில் நிஜத்தோடு ஒத்துப்போன முதல் கணக்கு அது.

வீட்டுக்காரர் இந்தக் கதையை எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிவிட்டார். சாம்பாரில் உப்பு இல்லையென்றால், "இருக்கிறது எனக் கொள்க" என்பார். மகள் ஜெனி தேர்வு எழுதிவிட்டு வந்து, "பாஸ் எனக் கொள்க" என்பாள். மாதா கோயில் திருவிழாவில் கரண்ட் போனபோது, எனக்கு முகம்கூடத் தெரியாத கோயில் கூட்டமே என்னைப் பார்த்து, "வெளிச்சம் இருக்கிறது எனக் கொள்க" என்றது. நானும் சேர்ந்து சிரிப்பேன். வகுப்பில் அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது மட்டும் சாக்பீஸ் கொஞ்சம் நிற்கும்.

ரேவதி இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அவள் அப்பா அவளுக்கு போன் செய்வார். அவள் எனக்கு ஒரு வரி அனுப்புவாள். "மேம், தண்ணி வந்துருச்சு. கொள்க இல்ல, நெஜமாவே." அதை நான் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். எங்கள் வீட்டில் அது ஒரு சின்னப் பண்டிகை.

இந்த வருடம் புரட்டாசி பாதி போய்விட்டது. நேற்று சாப்பிடும்போது போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன்.

"வந்தது எனக்..." என்று வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். மீதியைச் சொல்லாமல் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டார்.